அடுப்பில் எரித்த முட்டை ஓடு

காய்ச்சல் விட்ட பிறகு உடம்பு தேற வேண்டும் என்று என் மருமகள் தினமும் காலையில் சூடான பாலில் ஒரு முட்டையை அடித்து, மிளகுப்பொடி தூவி, டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் போகிறாள். எனக்கு முட்டை புதிதில்லை. ஆனாலும் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. முட்டையைக் கண்ணால் பார்த்தாலே தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்கிற தெருவில் பிறந்தவள் நீ.

இன்று காலை அந்த டம்ளர் கையில் இருக்கும்போதுதான் உன் தங்கை லலிதா வந்தாள். நீ போன செய்தியைத் தொலைபேசியில் சொன்னவளும் அவள்தான். காரியங்கள் எல்லாம் முடிந்து, கோயிலில் பத்மநாபனை ஒரு முறை சேவித்துவிட்டுப் போகலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அது அப்படியே நீ. உன் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் பழைய கதையை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே மனசு ஒரு வழிக்கு வரும். பொறுத்துக்கொள்.

ராஜாவின் ஆட்சி போய், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, மந்திரிகள் மாறிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. நாஞ்சில் நாடு எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் ஆரியசாலைக் கடைகளில் வத்தலையும் மல்லியையும் நிறுத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். இண்டர்மீடியட் முடித்து டைப்பும் படித்திருந்த நான், கோயிலைச் சுற்றிய கோட்டைக்கு வெளியே ஒரு வாடகை வீட்டு மாடியில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். காசநோய் வந்த வீட்டில் அந்த நோய் என்னவெல்லாம் தின்று தீர்க்கிறது என்று கேட்டு எழுதுவதற்காக ஏற்பட்ட ஆபீஸ் அது. ஊசி, மருந்து மட்டுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்கூலி, பால், முட்டை, விட்டுப்போன வேலை, விற்ற நகை, நின்றுபோன படிப்பு எல்லாம் அதில் சேர்த்தி. வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஆள் எடுக்க வேண்டும். இன்வெஸ்டிகேட்டர் என்று அதற்குப் பெரிய பேர். ஆள் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விளம்பரத்தில் எந்த நோய் என்று போடவில்லை. அது ஆபீசை நடத்திய டாக்டர் சாரின் யோசனை. மறுநாள் மாடிப்படி கொள்ளாத கூட்டம். நான் "க்ஷயரோகம்" என்று வாயைத் திறந்ததும் படி காலியானது. மிஞ்சியவர்களில் ஒருவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "ஜன்னல் வழியா கேட்டா போராதா?" என்றார். இன்னொருவர், "வேலையில இருக்கும்போ நோவு பிடிச்சா பென்ஷன் உண்டோ?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பரீட்சை ஒன்றுதான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து ஒரு நோயாளியின் விலாசத்தைக் கொடுத்து, போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வோம். அங்கேதான் எல்லோரும் கோட்டை விட்டார்கள். நம் ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தெருமுனையில் நின்று விசாரிப்பதுதானே வழக்கம். இவர்களும் தெருமுனையில் நின்று, "இஞ்ச டி.பி. வந்த வீடு எது?" என்று விசாரித்தார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். விசாரிக்கப்பட்ட வீடு கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு அந்த வீட்டோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைக்க மாட்டார்கள். இரண்டாம் முறை இப்படி நடந்தபோது டாக்டர் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் அந்த நிபந்தனையை வைத்தார். ஒரு வீட்டில் கேட்டதை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது.

கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருக்கள்தான் பெரிய தலைவலி. பகலில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். பெண்கள் அந்நிய ஆணோடு பேச மாட்டார்கள். "தமிழ் அறியுன்ன பெண்குட்டி ஒண்ணு கிட்டியில்லெங்கில் ஆ தெருவொக்கே விட்டுக்களையாம்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். தமிழ்ப் பெண் கிடைக்காவிட்டால் அந்தத் தெருக்களையே விட்டுவிடுவார்களாம். நானும் தமிழ்ப் பெண்தான், ஆனால் என் ஜாதிக்கு அந்த வீடுகளில் ரேழியைத் தாண்ட முடியாது. அந்தத் தெருக்களை விட்டால் அங்கே நோயே இல்லை என்றுதான் ஆகும். எனக்கு அது பொறுக்கவில்லை. அங்கே நோய் இருந்தது எனக்குத் தெரியும். உன்னால் தெரியும்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். படிப்பின் நடுவில் நீ காணாமல் போனாய். பாலக்காட்டு அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் குளத்துப் படியில் என்னிடம் மட்டும் சொன்னாய். நீ எங்கேயும் போகவில்லை. உன் வீட்டுக் கொல்லைப்புற அறையிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் உன்னை அடைத்து வைத்து, ரகசியமாக ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் தெருவில் சிரித்துக்கொண்டு போகும் சத்தம்கூட உனக்குக் கேட்குமாம். அதைக் கேட்டு நான் அழுதேன். நீ அழவில்லை.

அந்த நீ ஒரு நாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்து, என்னைத் தெரியாதவள் போல மனுவை நீட்டினாய். லலிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். உனக்கு ஜாதகத்தில் தோஷம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு உன் அம்மா தங்கையை முந்தவிட்டிருந்தாள். பையன் வீடு அடுத்த தெரு. உனக்கு வந்த நோய் வெளியில் தெரிந்தால் அந்தக் கல்யாணம் அவ்வளவுதான். உன்னைப் படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்த ஆபீசு பக்கமே நீ வரப்பிடாது. லலிதாக்க கல்யாணத்த நெனச்சுப் பாத்தியாட்டீ?"

"நெனச்சேன். நெனச்சுண்டேதான் வந்தேன்" என்றாய். "அந்த ரூம்ல கெடந்தப்போ, ஒருத்தராவது வந்து பக்கத்துல ஒக்காந்து ஏதாவது கேக்க மாட்டாளான்னு இருந்துது நேக்கு. கேக்கறதுதான் வேலைன்னா நான் செய்யறேன்."

அதற்குமேல் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. மறுநாள் பரீட்சைக்கான விலாசத்தை உன் கையில் கொடுத்தேன். நீ அதைப் பார்த்தாய். மறுபடியும் பார்த்தாய். முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். "போலாம்" என்று மட்டும் சொன்னாய். கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை என்பதால் நானும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிழக்கேகோட்டை வாசல் தாண்டியதும் நின்றாய். "இது லலிதா போகப்போற ஆத்து விலாசம்" என்றாய்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. விலாசத்தில் இருந்தது ஒரு பெண்ணின் பேர். மாப்பிள்ளையின் அக்கா. மதுரையில் புருஷனோடு இருக்கிறாள் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்த பெண்.

"திரும்பிப் போயிருவோம். வேற வீடு வாங்கித் தாறேன். டாக்டர்ட்ட காரணம் நான் எதாச்சும் சொல்லிக்கிடுகேன்" என்றேன்.

"நாம திரும்பினா இந்த ஆத்துக்கு வேற ஆள் வருவா. தெருமுனைல நின்னு கேப்பா" என்றாய். பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டாய். வெயில் தார் ரோட்டில் பளபளத்தது.

அவசரமாகப் பின்னால் வந்து இன்னொன்றும் கேட்டேன். "ஒந் தங்கச்சிய அந்த வீட்டுக்கு அனுப்புவியா?"

"நான் கெடந்த ஆத்துலதானே லலிதா இத்தனை நாளும் இருந்தா. அவளுக்கு என்ன ஆச்சு?"

கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. அந்த மாமியின் முகம் உன்னைப் பார்த்ததும் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. "வா வா. சம்பந்தி ஆத்துப் பொண்ணு வெய்யில்ல வந்து நிக்கறதே. கொல்லைல தண்ணி இருக்கு, காலை அலம்பிண்டு வா." எனக்கு ரேழி வரைதான் அனுமதி. ஒரு பலகையைக் காட்டிவிட்டு மாமி உள்ளே போனாள். நீ கொல்லைக்குப் போய்க் கால் அலம்பிவிட்டு வந்தாய். கூடத்தில் உனக்குக் காப்பி வந்தது. மாமி எதிரில் உட்கார்ந்து நாயனம் யார், சமையலுக்கு யார், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வருமா கார் வருமா என்று மூச்சு விடாமல் பேசினாள். நீ எச்சில் படாமல் தூக்கிக் குடித்துக்கொண்டே கேட்டாய். நான் திறந்திருந்த வாசலைப் பார்ப்பதும் உன்னைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"மாமி, நான் கல்யாணக் காரியமா வரலை" என்றாய். "ஆஸ்பத்திரிக் காரியமா வந்திருக்கேன்."

"எந்த ஆஸ்பத்திரி? யாருக்கு என்ன?" மாமியின் குரல் பாதியாகிவிட்டது.

"உங்க மூத்த பொண்ணு விஷயமாக்கும்."

"அவ மதுரைலன்னா இருக்கா."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. துணியை வாயில் அமுக்கிக்கொண்டு இருமும் இருமல். மாமி அசையவில்லை. நீயும் அசையவில்லை. தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் தாண்டிப் போகும்வரை நாம் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் எனக்கு இருந்தது.

அப்போது நீ சொன்னாய். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. ஏதோ ரசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல்தான் சொன்னாய்.

"முட்டைத் தோட்டை வாழைக்கடியில பொதைக்காதேங்கோ மாமி. காக்கா கெளறிப் போட்டிருக்கு, வெள்ளையா தெரியறது. எங்காத்துல அம்மா அடுப்புல போட்டு எரிச்சுடுவா."

எங்கள் வீட்டு முற்றத்தில் முட்டை ஓடு கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் முட்டை ஓடு இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதை எப்படி மறைப்பது என்று தெரிந்த வீட்டுக்கும் அதே காரணம்தான். உன் வீட்டார் அத்தனை பாடுபட்டுக் காத்ததை நீயே எடுத்து மாமியின் கையில் கொடுத்துவிட்டாய். லலிதாவின் கல்யாணத்தையும் சேர்த்து.

மாமி உன் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். நீ எழுந்து, முற்றத்துக்குப் போய், அதை நீயே தேய்த்து அலம்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். மாமி எழுந்து ரேழிக்கு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் தாழ்போட்டாள். திரும்பி வந்தவள் என் பக்கம் பார்க்காமலே, "நீயும் உள்ள வந்து ஒக்காரு" என்றாள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு மாமி பேசினாள். அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மருமகனுக்குச் சொல்லாமல் பெண்ணை அழைத்து வந்தது, வளையல் போனது, பால்காரி கூடைக்குள் வைக்கோலில் ஒளித்து முட்டை கொண்டுவருவது, அவள் வாயை மூடுவதற்கென்றே தனியாக ஒரு புடவை எடுத்துக் கொடுத்தது. அந்தப் புடவையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. பாலோடு சேர்த்து எழுதினோம்.

கோட்டைக்குள்ளிருந்து முழுதாக நிரம்பி வந்த முதல் ஃபாரம் அது. டாக்டர் வியந்துபோனார். "எங்ஙனே பேச வச்சு?" என்று உன்னைக் கேட்டார். "காப்பி நன்னா இருந்துது சார். குடிச்சுண்டே கேட்டேன்" என்றாய். அன்றைக்கே உன்னை எடுத்துக்கொண்டார்கள். நீ வந்ததைப் பார்த்து இன்னும் சில தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் நீதான் தெருமுனையில் நிற்காமல் வீடு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தாய்.

அதன் பிறகு வந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனைதான். மாமி சொல்வாளா, மாட்டாளா. தினமும் காலையில் நீ மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே என்ன நடந்தது என்று ஊகிக்கப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் சமயத்தில் பையன் வீட்டு ஆள் வந்துவிட்டான். வேறொரு ஜோசியர் பார்த்ததில் ஜாதகம் சேரவில்லையாம். கூடவே காற்றுவாக்கில் இன்னொன்றும் வந்தது. பெண்ணின் அக்கா டி.பி. வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குகிறாளாமே, அந்த வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது.

உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். லலிதா உன்னோடு பேசுவதை நிறுத்தினாள். தினமும் சைக்கிளில் போகும் அந்தப் பையனை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து அவள் மனசில் வைத்துவிட்டிருந்தாள். உன் வேலைதான் தன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நம்பினாள். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வீட்டிலேயே நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் உன் அம்மாவே சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "நான் போயி அந்த வீட்டு வாசல்ல நின்னு நாலு பேரு கேக்கச் சொல்லிட்டு வாறேன். என்ன நெஞ்சழுத்தம் அந்த அம்மாவுக்கு" என்று கிளம்பிவிட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வலித்தது.

"அவாளா என்னைக் கூப்ட்டா? நான்னா போய்க் கேட்டேன். கேட்டதுக்குச் சொன்னா" என்றாய்.

"ஒந் தங்கச்சி அங்க கெடந்து அழுகா."

"அழட்டும். அழறவா எழுந்துண்டுடுவா. அந்த ஆத்துல கெடக்கறவ எழுந்துக்கணுமே." பிறகு நீயே சொன்னாய்: "பாத்தியோ, என் வேலையைத்தான் மாமி சொன்னா. வியாதியைச் சொல்லலை."

எனக்கு அதில் பெரிய ஆறுதல் ஒன்றும் தெரியவில்லை. உன் வியாதியைச் சொன்னால், அது மாமிக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களே. உன் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த கோபம் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. நீ அவ்வளவு நல்லவளாக இருந்திருக்க வேண்டாம்.

சில மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டிவந்தது. அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். "புதுசா ஒருத்தருக்குத் தெரியணுமா?" என்று நீயே கிளம்பினாய். நானும் வந்தேன். மாமி கதவைத் திறந்துவிட்டு நம்மைப் பார்க்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். காப்பி குடித்துவிட்டு நீ வழக்கம்போல் டம்ளரோடு முற்றத்துக்கு எழுந்தபோது மாமி அதை உன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வை அங்கே. நான் அலம்பிக்கறேன்."

பிடுங்கிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "நீ நன்னா ஆயிட்டியேடி. இவளும் ஆயிடுவாளா?"

"ஆயிடுவா மாமி" என்றாய். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாய். நான் பார்த்து நீ அழுதது அந்த ஒரு தடவைதான்.

மாமியின் பெண் பிழைத்துவிட்டாள். உனக்குத் தெரியும், நான்தான் உனக்குக் கடிதத்தில் எழுதினேன். சாலைக் கடைத்தெருவில் கத்திரிக்காய்க்காரனோடு தொண்டை கிழிய பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டு நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். லலிதாவுக்கும் நல்ல இடம் அமைந்தது. தெற்குத் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் ஆய்வும் முடிந்து நம்மை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். உனக்கு வரன் பார்க்கும் பேச்சு எழவே இல்லை. கடைசியில் நீ லலிதாவின் வீட்டோடு போய்ச் சேர்ந்தாய். அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவளிடம் சொல்லவில்லை என்பது இன்று காலைவரை எனக்கே தெரியாது.

"அந்தக் கல்யாணம் ஏன் நின்னுதுன்னு உங்களுக்குத் தெரியும், அக்கா" என்றாள் லலிதா. "அவளும் போயிட்டா, அந்த மாமியும் போயிட்டா. இனிமே சொன்னா யாருக்கு என்ன? அவ வேலையாலதான் எல்லாம் போச்சுன்னு ஒரு வருஷம் நான் அவளோட பேசலை. கடைசி வரைக்கும் அவ அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நான் பண்ணினது தப்பான்னு மட்டும் சொல்லுங்கோ. அதைத் தெரிஞ்சுண்டு போறேன்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த வாய். உன் தங்கை உன்னை ஒரு முறையாவது முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அடித்துக்கொண்டது. ஆனால் கத்திரிக்காய் வாங்கியவள் இன்னும் அதே தெருவில் இருக்கிறாள். அவளுடைய பேத்திக்கு இப்போது வரன் பார்க்கிறார்களாம். நம் ஊர் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலை ஒரே மூச்சில் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஜாதகம் சேரலைன்னுதான் நான் கேட்டேன், பிள்ளே" என்றேன்.

லலிதா நம்பவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, "அவ சிநேகிதிதானே நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். மருமகள் உள்ளேயிருந்து யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

நீ வாசலில் விட்டுவிட்டு வந்ததை நானும் எடுத்துக்கொண்டு வரவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும். இந்தத் தாளை மருமகளோ பேரனோ என்றைக்காவது எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் உன் பேரை எழுதவில்லை. தெருவின் பேரையும் எழுதவில்லை. லலிதா என்பதும் உன் தங்கையின் பேர் இல்லை.